போலந்துக்குக் கதிரை இல்லை

வென்ட்வேர்த்வில், சிட்னி
பெப்ரவரி 12

அன்புத் தம்பி தனுஜனுக்கு,

நானும் அத்தானும் சுகம். அவருடைய முழங்கால் நோ இன்னும் விடவில்லை. மருந்தைவிட மீட்டிங்குகள்தான் அவரை நடக்க வைக்கின்றன. உன் விரல்கள் எப்படி? குளிர் அறைக்குள் கையுறை போடுகிறாயா, இல்லை வழக்கமான 'பழகிப்போச்சு அக்கா' கதைதானா?

கடிதம் எழுதச் சொன்னது நீதான். ஆறு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் போனில் கதைத்தால் ஆறு பேருக்கும் கேட்கும் என்றாய். நல்லதாய்ப் போயிற்று. போனில் நான் உன்னை வாய் திறக்க விடுவதில்லை என்று அத்தானும் சொல்கிறார்.

இன்று வகுப்பில் கத்திவிட்டேன். தொண்டை இன்னும் கரகரக்கிறது. சரியாக எண்பது வருடங்களுக்கு முன், இதே கிழமையில், யுத்தம் முடிகிற நேரத்தில், அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூன்றின் தலைவர்களும் கருங்கடல் ஓரத்தில் யால்ட்டா என்ற ஊரில் ஒரு மாளிகையில் கூடினார்கள். ஐரோப்பாவை எப்படிப் பிரிப்பது என்று பேசினார்கள். வருடா வருடம் பன்னிரண்டாம் வகுப்பை அந்த மாநாட்டை நடிக்க வைப்பது என் வழக்கம். ஒரு மேசை, மூன்று கொடி. இந்த வருடம் ரஷ்யாவாக இருந்த பையன் சிப்ஸ் தின்றுகொண்டே போலந்தின் கிழக்குப் பக்கத்தைக் கேட்டான். அமெரிக்கா மணிக்கூட்டைப் பார்த்தான். "சரி, எடுத்துக்கொள். மணி அடிக்கப் போகுது, ஜெர்மனிக்குப் போவோம்" என்றான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அவர்களோடு சேர்ந்து சண்டை பிடித்த நாடு தம்பி அது! உண்மையான மாநாட்டிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்தது. பிறகு கேட்டவர்களுக்கு, 'இப்போதைக்கு இதைவிடக் கூடுதலாக வாங்க முடியாது' என்று சமாதானம் சொன்னார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த இடம் வரும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நல்ல செய்தி. அடுத்த கிழமை அத்தான் கன்பராவுக்குப் போகிறார். மூன்று சங்கங்கள் சேர்ந்து ஒரு குழு: சிட்னிக்கு அத்தான், மெல்பேர்ணுக்கு டொக்டர் வரதராஜன், பிரிஸ்பேனுக்கு சத்தியபாமா என்று ஒரு சட்டத்தரணி. படகில் வந்து இத்தனை வருடமாக முடிவில்லாமல் இருக்கிற உங்களுக்கு அரசாங்கத்திடம் நிரந்தர விசா கேட்கப் போகிறார்கள். உன்னை நினைத்துத்தான் போகிறார். புதுக் கோட்டு வேறு தைத்திருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

தொண்டை கட்டிய அக்கா,
சிவகௌரி


டண்டினோங், மெல்பேர்ண்
பெப்ரவரி 27

அன்பின் அக்கா,

நான் சுகம். கையுறை போடுகிறேன், ஆனால் பெட்டியில் லேபல் ஒட்டும்போது கழற்றத்தான் வேண்டும். உங்கள் தொண்டைக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். அத்தானின் காலுக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சுகிர்தன் விழுந்து விழுந்து சிரித்தான். 'உன்ர அக்கா ரீச்சரா, இல்லாட்டி அங்க சண்டைக்குப் போன ஆளா?' என்று கேட்டான். என் அறையை அவனோடுதான் பங்கிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? எங்களுக்கு அடுத்த படகில் வந்தவன்.

வேலையிடத்தில் யால்ட்டா என்று சொன்னேன். எங்கள் சூப்பர்வைசர் ஸ்டெஃபான் ஃபோர்க்லிஃப்ட்டையே நிற்பாட்டிவிட்டார். அவருடைய அப்பா போலந்துக்காரர். யுத்தம் முடிந்தபோது அவருடைய ஊர் வேறொரு நாட்டுக்குள் போய்விட்டதாம். ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்து, பிறகு கப்பலில் இங்கே வந்தவர். சாகும்வரை பெப்ரவரி மாதம் வந்தால் வீட்டில் ஒருவரோடும் கதைக்க மாட்டாராம். 'கேக் வெட்டுகிற மாதிரி வெட்டினாங்கள், தட்டை யாரும் அவருக்கு நீட்டவில்லை' என்றார் ஸ்டெஃபான்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை அக்கா. உங்கள் வகுப்பு மாநாட்டில் போலந்து ஆள் எங்கே இருந்தவர்? கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அவருக்கு இருக்க ஒரு கதிரை போட்டதாக நீங்கள் எழுதவில்லை.

என் கேஸ் பழையபடிதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருப்பதற்கான விசாவைப் புதுப்பிக்கிறேன். அவர்கள் நிற்பாட்டினால் போக வேண்டியதுதான். அத்தானின் பயணம் நல்லபடி நடக்கக் கரம் டவுன்ஸ் கோயிலில் அர்ச்சனை செய்தேன்.

உங்கள் தம்பி,
தனுஜன்


வென்ட்வேர்த்வில்
மார்ச் 16

அன்புத் தம்பி,

எல்லோரும் நலம், தொண்டையும் திறந்துவிட்டது, இனி ஊருக்கே கேட்கும். சுகிர்தனிடம் சொல், நான் சண்டைக்குப் போகவில்லை, சண்டைதான் என்னைத் தேடி வருகிறது.

போலந்துக்குக் கதிரை இல்லை. ஏனென்றால் அன்றைக்கும் இருக்கவில்லை. அவர்களுடைய அரசாங்கம் லண்டனில் காத்திருந்தது, ஒருவரும் கூப்பிடவில்லை. இல்லாத கதிரையை நான் போட்டால் அது சரித்திரம் இல்லை, கற்பனை. இன்னொன்றும் சொல்கிறேன், ஸ்டெஃபானிடமும் சொல். கடைசி நாளில், போரில் சிதறிப்போன சோவியத் ஆட்களை எல்லாம் திருப்பி அனுப்புவதாகவும் கையெழுத்துப் போட்டார்கள். போக மாட்டோம் என்று அழுதவர்களையும் துவக்கு முனையில் ரயிலில் ஏற்றினார்கள். போனால் என்ன நடக்கும் என்று ஏற்றினவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை நடத்தும்போது உன்னை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்த வருடம் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

அதனால்தான் இப்போது சொல்லப்போவது எனக்கு அத்தனை சந்தோஷம். அத்தான் போன காரியம் சரிவந்துவிட்டது! எல்லோருக்கும் ஒரேயடியாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது, தொகை சின்னதாக இருந்தால் பார்க்கலாம் என்று அங்கே சொன்னார்களாம். அதனால் ஒரு திகதி வைத்திருக்கிறார்கள். நீ வந்த வருடம் செப்டெம்பர் முதலாம் திகதிக்கு முன் வந்தவர்களுக்கு முதலில். மற்றவர்களைப் பிறகு பார்ப்பார்கள். நீ நல்லூர்க் கோயில் தேருக்கு மறுநாள் ஊரைவிட்டு வெளிக்கிட்டவன். அம்மா அந்த நாளில்தானே இன்றைக்கும் விரதம் இருக்கிறா. அது ஓகஸ்ட். நீ உள்ளே!

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை மெல்பேர்ணில் குழுவுக்குப் பாராட்டு விழா. படகில் வந்த பிள்ளைகள் சார்பில் நீதான் அத்தானுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று டொக்டர் வரதராஜனே கேட்டிருக்கிறார். நீல சேர்ட்டை அயர்ன் பண்ணி வை.

சந்தோஷத்தில் எழுத்துக் கோணிப்போன அக்கா,
சிவகௌரி


டண்டினோங்
ஏப்ரல் 9

அன்பின் அக்கா,

நான் சுகம். எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் போன் எடுத்தால் விரதத்தை இனிக் குறைக்கச் சொல்லுங்கள், உடம்பு தாங்காது.

ஒரு விடயம் அத்தானிடம் கேட்டு எழுத முடியுமா? அந்தத் திகதி வெளிக்கிட்ட நாளா, இங்கே கரை சேர்ந்த நாளா? சுகிர்தன் கேட்கிறான்.

விழா நாளில் எனக்கு ஷிஃப்ட் இருக்கலாம். பார்க்கிறேன்.

தனுஜன்


வென்ட்வேர்த்வில்
ஏப்ரல் 29

தனுஜன்,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை முதலில் கேட்டுவிடுகிறேன். ஒன்றும் இல்லை என்றால் இனிமேல் எழுதுவதை வாங்கிக்கொள்.

இது என்ன வேலை? மேடையில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். 'தனுஜன், எங்க நிக்கிறீர், மேடைக்கு வாரும்' என்று மைக்கில் திரும்பவும் கூப்பிட்டார்கள். முந்நூறு பேர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். அத்தான் பொன்னாடைக்குத் தலையைக் குனிந்தபடி நிற்கிறார். நோகிற காலோடு எவ்வளவு நேரம்தான் நிற்பார்? கடைசியில் நாட்டிய உடுப்போடு நின்ற ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்கிப் போர்த்த வைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷிஃப்ட் என்று ஒரு சொல் எழுதினால் போதுமா? உனக்காக அந்த மனுசன் எத்தனை கதவு தட்டினார்! நன்றி வேண்டாம், மரியாதையாவது வேண்டாமா? போன் அடித்தேன், எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன், சுகிர்தன் எடுத்து 'அவன் படுத்திட்டான் அக்கா' என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: கரை சேர்ந்த நாள். அத்தான் சொன்னார். வேறு எதை எண்ணுவார்கள்?

கோபம் தீராத அக்கா,
சிவகௌரி


டண்டினோங்
மே 25

அன்பின் அக்கா,

உடம்பு சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். பதில் எழுத ஒரு மாதம் எடுத்தது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

நான் விழாவுக்கு வந்தனான் அக்கா. நீல சேர்ட்டும் போட்டிருந்தேன். மண்டபத்தின் பின் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். டொக்டர் வரதராஜனின் பேச்சு முழுவதையும் கேட்டேன். 'இந்த முறை கிடைக்காத பிள்ளையள் பொறுமையா இருக்கோணும், சத்தம் போட்டுக் காரியத்தைக் கெடுக்கக்கூடாது' என்றார். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு கார் நிற்பாட்டுகிற இடத்துக்குப் போய் நின்றேன். என் பெயரைக் கூப்பிட்டது அங்கேயும் கேட்டது.

நாங்கள் வெளிக்கிட்டது ஓகஸ்ட்தான். நடுக்கடலில் என்ஜின் நின்றது. தண்ணீர் முடிந்தது. ஒருவர் செத்தார், கடலில் விட்டோம். நாங்கள் கரை சேர்ந்தது செப்டெம்பர் நடுவில். நான் வெளிக்கிட்ட நாளுக்கு அம்மா விரதம் இருக்கிறா, நீங்கள் கோயிலில் பொங்குகிறீர்கள், அத்தான் அதை வைத்துத் திகதி குறிக்கிறார். நான் வந்து சேர்ந்த நாள் எது என்று இத்தனை வருடத்தில் உங்களில் ஒருவராவது என்னிடம் கேட்டீர்களா?

மார்ச்சில் எனக்கு ஒரு அறிவித்தல் வந்தது. இனி விசா புதுப்பிக்க மாட்டார்களாம், திரும்பிப் போக ஆயத்தம் செய்யட்டாம். நீங்கள் 'நீ உள்ளே' என்று எழுதிய அதே கிழமை. எப்படிச் சொல்வது? நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள்.

எனக்குக் கோபம் திகதியில் இல்லை. மூன்று பேர் மேசையில் இருந்து எங்களை முன், பின் என்று பிரித்தார்களே, ஒரு வார்த்தை எங்களிடம் கேட்டார்களா? டண்டினோங் என்ன தூரமா? டொக்டரின் வீடு பொயிண்ட் குக்கில், ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. பிரித்து முடித்துவிட்டு, பொன்னாடை போர்த்த மட்டும் எங்களில் ஒருவன் வேண்டும்! நான் எப்படிப் போர்த்துவேன் அக்கா? எந்தக் கையால்?

தனுஜன்


வென்ட்வேர்த்வில்
ஜூன் 3

என் தம்பி,

சுகமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தை நின்றபடி வாசித்தேன். அத்தான் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் வைத்தேன். வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்தார். பிறகு சொன்னார்: "அவன் தேருக்கு அடுத்த நாள் வெளிக்கிட்டவன் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே. அவனை மனசில வைச்சுத்தான் செப்டெம்பர் எண்டு போட்டனான். கன்பராவில அவையள் ஜூலை எண்டுதான் நிண்டவை."

எனக்கு வந்த ஆத்திரம்! "அப்ப உங்கட மச்சானை உள்ளுக்கு எடுக்கக் கோடு கீறினீங்கள். அதையும் பிழையாக் கீறிப்போட்டீங்கள். மற்றப் பிள்ளையள் ஆரின்ர மச்சான்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? "கௌரி, இப்போதைக்கு இதைவிடக் கூடுதலா ஒருத்தராலயும் வாங்கேலாது."

நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிவைத்துக் கிழிகிழியென்று கிழிக்கிற வசனம், என் குசினியில், என் புருசனின் வாயால்! ஐரோப்பாவில் நடந்ததற்குத் தொண்டை கட்டக் கத்துகிறேன், என் வீட்டு மேசையில் நடந்ததற்குப் பாயாசம் காய்ச்சினேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் தேவைக்குத்தான் பேச்சு. போன ஞாயிறு ஹெலன்ஸ்பர்க் கோயிலில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, "உம்மட மிஸ்டர் எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறார்" என்றா. "ஓம் அன்ரி, பெரிய காரியம்தான்" என்று சொல்லிவிட்டுக் காரில் வந்து இருந்து அழுதேன்.

நீ எங்கேயும் போகப் போவதில்லை. விடமாட்டேன்.

அக்கா


வென்ட்வேர்த்வில்
ஜூன் 14

அன்புள்ள தனுஜனுக்கு,

நலம். உமது நலமும் அவ்வாறே ஆகுக.

நடந்ததற்கு வருந்துகிறேன். உம்மை விட்டுவிட வேண்டும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இப்படியான பேச்சுவார்த்தைகளில் எல்லோரையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது. கிடைப்பதை வாங்கிக்கொண்டு மிச்சத்துக்கு மறுபடி போவதே முறை. இது உமது அக்காவுக்கு விளங்குவதில்லை. அவ புத்தகத்தில் படித்தவ, நான் அந்த மேசையில் இருந்தவன்.

ஓகஸ்ட் 14ஆம் திகதி இரண்டாவது சந்திப்பு. அதில்தான் ஆவணம் முடிவாகும். திகதியைச் செப்டெம்பர் முப்பதுக்குத் தள்ளிக் கேட்க வரதராஜனும் சத்தியபாமாவும் தனிப்பட்ட முறையில் சம்மதித்துவிட்டார்கள். எனக்காக. நீர் உள்ளே வந்துவிடுவீர். இதைப் பற்றி வெளியே கதைக்க வேண்டாம். கதைத்தால் மற்றவர்களும் கேட்கத் தொடங்குவார்கள்.

முழங்காலுக்கு நீர் அனுப்பிய எண்ணெய் உதவுகிறது.

அன்புடன்,
அத்தான் சிறிதரன்


டண்டினோங்
ஜூன் 29

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். எண்ணெய் முடிந்தால் சொல்லுங்கள், இன்னொரு போத்தல் அனுப்புகிறேன். அக்கா கோபத்தில் சொல்வதை மனதில் வைக்காதீர்கள். ஆனால் அவ சொன்னது பிழை என்று நான் சொல்லமாட்டேன்.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்கவில்லை. எனக்கும் அங்கே போகப் பயம் அத்தான். அன்று இரவு நல்லாய்ச் சாப்பிட்டேன். பக்கத்துக் கட்டிலில் சுகிர்தன் இருந்து தன் மகளோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தான். அவன் வெளிக்கிட்டபோது அந்தப் பிள்ளை வயிற்றுக்குள். இன்னும் கையால் தொட்டதில்லை. அவன் கரை சேர்ந்தது ஒக்டோபரில்.

திகதியை எனக்காகத் தள்ளினீர்கள், நன்றி. ஆனால் சுகிர்தனுக்கு அங்கே அத்தான் இல்லை.

திகதி போட்டுக் கேட்பதென்றால் என் பெயரால் கேட்க வேண்டாம். வெளியே கதைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். மன்னிக்க வேண்டும். உங்கள் கடிதத்தை வீட்டில் ஆறு பேருக்கும் வாசித்துக் காட்டிவிட்டேன். கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

உங்கள் மச்சான்,
தனுஜன்


வென்ட்வேர்த்வில்
ஓகஸ்ட் 5

என் அன்புத் தம்பிக்கு,

நான் நலம். அத்தானின் முழங்காலை அவரிடமே விசாரி, இங்கே நான் கேட்பதில்லை. உன் கடிதத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார். மடித்து அந்தப் புதுக் கோட்டுப் பைக்குள் வைத்தார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். கன்பராவுக்குப் பயணப் பை மட்டும் கட்டியிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தவணையில் மற்ற வகுப்புக்கு யால்ட்டா நடத்தினேன். இந்த முறை போலந்துக்கும் ஒரு ஆளை வைத்தேன். மிருணாளினி என்று ஒரு பிள்ளை, பெற்றோர் கோயம்புத்தூர்க்காரர். "மிஸ், என் சேர் எங்கே?" என்று கேட்டாள். "உனக்குக் கதிரை இல்லை, நீ வெளியே நில்" என்று கதவைச் சாத்தினேன். சரித்திரத்தை மாற்றவில்லை பார். அவர்கள் எங்கே நின்றார்களோ அங்கேதான் நிற்பாட்டினேன்.

உள்ளே மாநாடு தொடங்கியது. ரஷ்யா வாய் திறந்தது. கதவில் தட்டுகிற சத்தம். பையன்கள் சிரித்தார்கள். திரும்பவும் தட்டினாள். அவர்கள் சத்தமாகப் பேசிப் பார்த்தார்கள், அவள் இரண்டு கையாலும் தட்டினாள். ஒருவன், "மிஸ், அவளை நிறுத்தச் சொல்லுங்கள், எங்களால் போலந்தைப் பற்றிப் பேச முடியவில்லை" என்றான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே விளங்கியது. முகம் சிவந்துவிட்டது. மணி அடிக்கும்வரை அவள் தட்டினாள். ஒரு கோடும் கீறப்படவில்லை. இத்தனை வருடத்தில் அந்தப் பாடம் முடியாமல் போனது இதுதான் முதல் தடவை. நானும் கதவைத் திறக்கவில்லை.

தம்பி, பதினான்காம் திகதி அவர்கள் மூன்று பேரும் இருக்கப்போகிற அறைக்கும் ஒரு கதவு இருக்கும். நான் லீவு போட்டுவிட்டேன். அத்தானிடம் நேரே சொன்னேன்: "நீங்கள் உள்ளுக்கு இருங்கோ, நான் வெளியில நிக்கிறன்." அவர் என்னைப் பார்த்தார். "குளிரும் கௌரி, தடிப்பான கோட்டாக் கொண்டு வாரும்" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அன்றைக்குப் பார்ப்போம்.

ஆறு பேரும் வாருங்கள். இன்னும் யார் வருவார்களோ அவர்களையும் கூட்டி வா. ஸ்டெஃபானுக்கு லீவு கிடைத்தால் அவரையும். சாப்பாடு நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.

எப்போது வெளிக்கிடுகிறீர்கள் என்று கேட்கமாட்டேன். எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள் என்று எழுது.

அக்கா